தலை மறையும் ஆழம்

பொக்லைன் வண்டியின் இரும்புப் பற்களில் ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்று, அறுத்த ஆட்டின் குடல் மாதிரித் தொங்கியது. என் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடிதண்ணீர்க் குழாய் பதிப்பதற்காகச் சாலையோரம் பள்ளம் தோண்டினார்கள். மூன்றாவது முறை மண்ணை அள்ளியபோதே அது மேலே வந்துவிட்டது. செருப்பைக் கூடப் போடாமல் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். குழாய் கிடந்த தடம் மண்ணில் அப்படியே பதிந்திருந்தது. ஆழம் என் முழங்காலுக்குத்தான் வரும். அந்தக் குழாய்க்குக் குழி வெட்டியவளே நான்தான். அந்தக் குழாய் என் தலை மறையும் ஆழத்தில் அல்லவா கிடக்க வேண்டும்!

அதற்குக் கால்மணி நேரம் முன்புதான் வண்டி ஓட்டுகிறவர் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பாவூர்சத்திரத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். "இங்கன எங்கயோ கேபிள் போகுதாம் ஆச்சி. அடையாளக் கல்லக் காணல. கம்பெனி ஆளு வந்து காட்டுதேன்னு சொல்லிட்டு இன்னும் வரல" என்றார். நான் சிரித்தேன். "கம்பெனி ஆளு எதுக்குய்யா? வெட்டுனவ நானு நிக்கேன்லா. செங்கோட்டையில இருந்து குத்தாலம் வர எல்லாம் என் தலை மறையுத ஆழம். நீரு இடுப்பளவுக்குத் தாராளமாத் தோண்டும்" என்றேன். "நெசமாவா ஆச்சி?" என்று ஒரு தரம் கேட்டார். "என் தலை மேல சத்தியம்" என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அந்த மனிதர் நெம்புகோலில் கை வைத்தார்.

நான் அப்படிச் சத்தியம் செய்ததற்குக் காரணம் எங்கள் மேஸ்திரி அண்ணாச்சி. இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். என் வீட்டுக்காரர் இறந்த மறு வருஷம், கேபிளுக்குக் குழி வெட்டுகிற அவருடைய கூட்டத்தில் நான் சேர்ந்தேன். கடையத்துக்காரர். கறுத்த, ஒல்லியான ஆள். தோளில் துண்டு, காதில் பென்சில். செங்கோட்டையிலிருந்து தென்காசி வரை ரயில் பாதை ஓரமாகவும், பிறகு குற்றாலம் சாலையோரமாகவும் வெட்டிக்கொண்டு வந்தோம். தண்டவாளத்துப் பக்கம் சிக்னல் வயர் ஓடும் என்பதால் அங்கே வண்டி விடமாட்டார்கள், முழுக்கக் கைவெட்டுத்தான். பெண்கள் எல்லோரும் மண் சுமந்தார்கள். நான் மட்டும் மண்வெட்டி கேட்டேன். மற்ற ஆண்கள் வாயைப் பொத்திச் சிரித்தபோது அண்ணாச்சி சிரிக்கவில்லை. கயிற்றைப் பிடித்து எனக்கும் பத்தடி அளந்து விட்டார். பொழுது சாய்வதற்குள் வெட்டி முடித்தேன். மறுநாள் முதல் யாரும் சிரிக்கவில்லை.

குழி ஐந்தரை அடி ஆழம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதிகாரி இரும்புக் கம்பி கொண்டுவந்து அளப்பார். அவர் வருவதற்கு முன்பு அண்ணாச்சிக்குக் கம்பி நான்தான். "ஏட்டி, எறங்கு" என்பார். நான் குழிக்குள் நிமிர்ந்து நிற்பேன். அவர் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். என் கொண்டை தெரிந்தால் இன்னும் வெட்ட வேண்டும். தெரியாவிட்டால் சரி. ஒருமுறை அதிகாரி அதைப் பார்த்துவிட்டு இது என்ன கூத்து என்று கேட்டார். "அளவுகோலு சார். ஒசரம் அஞ்சடி, வாயி மட்டும் பத்தடி" என்றார் அண்ணாச்சி. அதிகாரி சிரித்துக்கொண்டே கம்பியை இறக்கி அளந்தார். சரியாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஏற்பட்ட கர்வம் இந்த வயது வரை இறங்கவில்லை. குழி முடிந்ததும் பெரிய உருளையிலிருந்து ஆரஞ்சுக் குழாயை இழுத்து, நாங்கள் வரிசையாக நின்று தோளில் தாங்கி உள்ளே இறக்குவோம். பிறகு ஒருநாள் வேறு ஆட்கள் வந்து, காற்றடித்துக் குழாய்க்குள் கேபிளை ஓடவிடுவார்கள். அதற்குள்ளே தலைமுடி போலக் கண்ணாடி இழை இருக்கிறதாம், அதில் வெளிச்சம் ஓடுகிறதாம். இப்போது என் மகள் துபாயிலிருந்து போனில் முகம் காட்டிப் பேசும்போதெல்லாம், நீ வருகிற வழி நான் வெட்டிய வழி என்று அவளிடம் சொல்வேன். அவளுக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு.

குழாய் அறுந்த அரைமணி நேரத்தில் கம்பெனி ஆட்கள் வந்து இறங்கினார்கள். சீசன் நேரம், குற்றாலத்தில் லாட்ஜ் முழுக்கக் கூட்டம். பேங்க் நின்றுபோயிற்று, ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற இடம் நின்றுபோயிற்று என்று ஆளாளுக்குப் போனில் கத்தினார்கள். தோண்டும் வேலையை எடுத்த காண்ட்ராக்டர் வந்தார். வண்டிச் சாவியைப் பிடுங்கினார். "கேபிள் ஆளு வராம எவன்லே வெட்டச் சொன்னான்? ஒன் மேல ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கேன் பாரு" என்றார். அந்த மனிதர் நிமிர்ந்து என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "யாரும் சொல்லல மொதலாளி. நாந்தான் பாக்காம வெட்டிட்டேன்" என்றார்.

ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்ததற்காகவா அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? அதைவிட அதிர்ச்சி, நான் வாயைத் திறக்காமல் நின்றதுதான். பத்தடி வாய் என்று பெயர் வாங்கியவள், நான்தான் சொன்னேன் என்ற இரண்டு சொல்லைச் சொல்ல முடியாமல் வாசற்படியில் நின்றேன். கண் முன்னே ஒருவருடைய பிழைப்பு போகிறது. எனக்கோ அந்த முழங்கால் ஆழத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறிக் கடையம் போனேன். அண்ணாச்சிக்கு இப்போது எண்பதை ஒட்டி வயது. மகன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை நான். "குத்தாலம் ரோட்டுல கொழாய் முழங்கால் ஆழத்துல கெடக்கு அண்ணாச்சி" என்றேன். அவர் கீரையை ஆய்வதை நிறுத்தினார். யாருக்காவது அடிபட்டதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"வாய்க்கா ஓரத்துல ஒரு துண்டு, அங்கனதானே?" என்றார். "ஒனக்கு ஞாபகம் இருக்கா, நீங்க எல்லாரும் மேல ஏறிக் கஞ்சி குடிச்சிட்டு இருந்தீங்க. நான் குழியப் பாக்கப் போனேன். கண்ணு முன்னால செவரு சரிஞ்சிச்சு. சத்தமே இல்லட்டி. தயிரு சரிஞ்ச மாதிரி. கஞ்சிக்கு ஏறுததுக்கு முன்னால நீ நின்னியே, அந்த எடம் முழுக்க மூடிட்டு."

அன்றைக்கு ரயில் பாதைப் பக்கம் உருளை வந்திருக்கிறது என்று சொல்லி எங்களையெல்லாம் அவர் அவசரமாக அனுப்பியது ஞாபகம் வந்தது. மிச்சத்தை அவர் வாயாலேயே கேட்டேன். நாங்கள் போன பிறகு இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, சரிந்த மண்ணை எடுக்காமல் அதன் மேலேயே குழாயைப் போட்டு மூடியிருக்கிறார். அதிகாரி வந்தபோது, தள்ளி ஒரு நல்ல குழியில் என்னை இறக்கி நிற்க வைத்து, இந்தப் பக்கமும் இதே ஆழம்தான் என்று காட்டியிருக்கிறார். எனக்குத் தெரியாமலே என் தலை பொய் சொல்லியிருக்கிறது.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்று கத்தினேன். உள்ளே இருந்து அவர் மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"சொன்னா அந்த மண்ண அள்ள நீ எறங்கிருப்ப. பத்தடியையும் முடிச்சிட்டுத்தான் ஏறுவேம்ப. ஒன் வீம்பு எனக்குத் தெரியாதா?" என்றார். "கேபிளு அறுந்தா ஒட்டிருவான். ஒன்ன எங்கனட்டி ஒட்ட?"

பிறகு அவரே சொன்னார்: "ஆனா எழுதி வச்சிருக்கணும். இந்தத் துண்டு மேலாப்புல கெடக்குன்னு ஒரு வரி. அதிகாரிக்குப் பயந்துட்டேன். அது என் தப்புதான். எம் பேரச் சொல்லு. எனக்கு இனிமே எவன் வேலை தரப் போறான்?" ஆய்ந்த கீரையை ஒரு தாளில் பொதிந்து என் கையில் திணித்தார். என்னைக் காப்பாற்றிய ஆளை வாழ்த்துவதா, என்னைப் பொய்ச்சாட்சி ஆக்கிய ஆளை வைவதா என்று தெரியாமல், இரண்டும் செய்யாமல் பஸ் ஏறினேன். இன்றுவரை தெரியவில்லை.

தென்காசி பஸ் நிலையத்தில் இறங்கி நேரே கேபிள் கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். காண்ட்ராக்டரும் அங்கே இருந்தார். வண்டிக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார். என்ஜினியர் ஒரு பெண், என் மகளைவிடச் சின்னவள். "தோண்டச் சொன்னது நானு. அவரு மேல குத்தமில்ல" என்று ஆரம்பித்து, கடையத்தில் கேட்டது வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். காண்ட்ராக்டர், "ஒரு கெழவி சொன்னான்னு வெட்டுனியால?" என்று வண்டிக்காரரைப் பார்த்துக் கேட்டார். "வெட்டுனவங்களே சொல்லும்போது நம்பாம என்ன செய்ய மொதலாளி" என்றார் அவர். எழுதிக் கொடுக்க முடியுமா என்று என்ஜினியர் கேட்டாள். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். பேனாவை வாங்கி, 'தோண்டச் சொன்னது நான்' என்று பெரிய பெரிய எழுத்தாக எழுதி, கீழே பேரைப் போட்டேன். போலீஸில் எழுதிக் கொடுக்கிற பேச்சு அதோடு நின்றது. வண்டிச் சாவி அவர் கைக்குத் திரும்பி வர ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் வந்துவிட்டது.

அன்று நான் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கப் போனபோது என்ஜினியர் மேஜை மேல் நீளமான தாள் ஒன்றை விரித்தாள். செங்கோட்டையிலிருந்து குற்றாலம் வரை குழாய் போகிற பாதை, கோடாக வரைந்திருந்தது. கோடு முழுக்க ஒரே ஆழம் எழுதியிருந்தது. என் வீட்டு வாசலுக்கு நேரே இருந்த எண்ணைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு வேறு எழுதினாள். பிறகு பேனாவை மூடாமல் என்னைப் பார்த்து, "இந்தத் துண்டு மட்டும்தானா பாட்டி? வேற எங்கயும் இல்லயே?" என்றாள்.

அந்தக் கோடு முழுவதையும் பார்த்தேன். அத்தனை குழிகளிலும் நான் இறங்கி நின்றிருக்கிறேன். நேற்று வரை யார் கேட்டிருந்தாலும் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

"தெரியாதும்மா" என்றேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.