சஹனில் எண்ணிய பூச்சிகள்

ஓடைகளின் உடல்நிலை பார்ப்பது என் தொழில். தண்ணீருக்குள் எந்தப் பூச்சி வாழ்கிறது, எது வாழவில்லை என்று எண்ணி, அந்த ஓடைக்குப் புள்ளி போட வேண்டும். போத்தலில் எடுத்த தண்ணீர் எடுத்த நேரத்துக் கதையை மட்டுமே சொல்லும். பூச்சி மாதக்கணக்காக அங்கே குடியிருந்த கதையைச் சொல்லும். இதைக் கல்முனையில் என் வீட்டில் விளக்கினால், எல்லோரும் தலையாட்டிவிட்டு, "பூச்சி எண்ணுறதுக்கும் சம்பளமா?" என்பார்கள்.

ஒருமுறை பட்டியலில் இறக்காமத்து எங்கள் வயலோர ஓடையும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதில் வாப்பா வயலுக்குப் போகும் நாட்களில், என் மூத்த சகோதரரான காக்காவும் நானும் அதற்குள்தான் கிடப்போம். கல்லைப் புரட்டினால், மயிர்போல மெல்லிய மூன்று வால்களை ஆட்டிக்கொண்டு பூச்சிக் குஞ்சுகள் ஒட்டியிருக்கும். மூன்றுவால் என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். நான் அவற்றைக் காக்காவின் சாரனுக்குள் போடுவேன். அவர் அலறிக்கொண்டு வரம்பு நீளம் ஓடுவார். வயிறு நோகச் சிரித்த நாட்கள் அவை. மூன்றுவால் பெரிய ரோசக்காரப் பூச்சி, தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் உயிரை விட்டுவிடும் என்பதெல்லாம் பல்கலைக்கழகத்தில்தான் தெரிந்தது.

வாப்பா மௌத்தான பிறகு வயலைக் காக்காதான் செய்கிறார். நான் போனபோது அவர் பயிருக்குப் பூச்சிமருந்து அடித்து முடித்து, முதுகில் சுமக்கும் மருந்துத் தாங்கியை ஓடையில் அலசிக்கொண்டிருந்தார். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். பிறகு இரண்டு எட்டுத் தள்ளி, வாப்பா வழக்கமாகக் குந்தும் கல்லில் குந்தி, அஸர் தொழுகைக்காக வாய் கொப்புளித்து, முகம் கை கால் கழுவி வுழூ எடுத்தார்.

"காக்கா, மருந்து கழுவின தண்ணி!"

"ஓடுற தண்ணி, புள்ள. மூண்டு தரம் கழுவின நான். நிறம் மாறல்ல, மணம் மாறல்ல, ருசி மாறல்ல. மறுகா என்ன?"

ஓதப்பள்ளியில் இருவரும் ஒரே பாயில் இருந்து படித்த பாடம்தான். தொழுகைக்கான தண்ணீரைப் பார்க்க அது போதும். பூச்சி அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

அன்று பார்த்து, பூச்சி எண்ணும் என் வெள்ளைத் தட்டை அலுவலகத்திலேயே மறந்துவிட்டேன். காக்கா வயல் வாடிக் குடிசைக்குள் போய்ப் பழைய சஹனைக் கொண்டுவந்தார். அறுவடை நாட்களில் வாப்பாவோடு ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய எனாமல் தட்டு அது. அடிமண்ணைக் காலால் கலக்கி, வலையில் விழுந்ததை அதில் கொட்டினேன். காக்காவும் கூலிக்கு வந்திருந்த இருவரும் சோற்றுக்குக் குந்துவதைப் போலவே சுற்றிக் குந்தினார்கள்.

சிவப்புப் புழுக்கள். இரண்டு ஊரி நத்தை. வேறிடத்தில் எடுத்தாலும் சிவப்புப் புழுக்களே.

"எங்க நம்மட மூண்டுவால்?" என்றார் காக்கா, உண்மையாகவே தேடிக்கொண்டு.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கதான் சாகடிச்ச நீங்க! டேங் கழுவிக் கழுவிச் சாகடிச்ச நீங்க!"

கூலிக்காரர் முன்னால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மேலே எத்தனையோ வயல், எத்தனையோ தாங்கி. எல்லாப் பழியையும் ஒரு மனிதரின் தலையில் கொட்டினேன். காக்கா சஹனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் கழுவப் போனார். அந்த நோன்புப் பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வரவுமில்லை. சாப்பாடு மட்டும் யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார்.

அடுத்த போகத்தில் காக்காவின் அழைப்பு வந்தது. "சஹன எடுத்து வெச்சிருக்கன். வா." அவ்வளவுதான்.

போனேன். ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி, மேட்டில் ஒரு கிடங்கு வெட்டியிருந்தது. பக்கத்தில் தாங்கி கவிழ்ந்து கிடந்தது. வாளியில் தண்ணீர் சுமந்துபோய் அங்கேதான் கழுவுகிறாராம். பக்கத்து வயல்காரர் இருவரையும் சண்டை பிடித்துச் சம்மதிக்க வைத்திருக்கிறார். சஹனில் தெளிந்த தண்ணீர், அதற்குள் ஒரேயொரு பூச்சி.

"எண்ணிப் பாரு. வால் மூண்டு."

குனிந்து பார்த்தேன். மூன்றுதான். ஆனால் மயிர் போன்ற வால் அல்ல, இலைபோல் அகன்றது. ஊசித்தும்பியின் குஞ்சு. கெட்ட தண்ணீரிலும் சமாளித்துக் கிடக்கும் சீவன். காக்காவின் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. காலையிலிருந்து கல் கல்லாகப் புரட்டியிருக்கிறார். நரைத்த தாடிக்காரர், சின்னப் பிள்ளைபோல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் காக்கா, மூண்டு" என்றேன்.

முகமெல்லாம் சிரிப்பாக, "இனி இஞ்ச வுழூ எடுக்கலாந்தானே?" என்று கேட்டார்.

"இன்னுங் கொஞ்ச நாளைக்குக் கிணத்தடியில எடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சஹனைப் பார்த்தார். "சரி, இன்னுங் கொஞ்ச நாளைக்கு" என்றவர், பூச்சியை இரு கையாலும் அள்ளி வாப்பாவின் கல்லடியில் விட்டுவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தார்.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன்: ஊசித்தும்பிக் குஞ்சு, ஒன்று. அதற்குப் பிறகு யாரும் அனுப்பாமலே ஒவ்வொரு போகமும் இறக்காமத்துக்குப் போகிறேன். காக்கா கிணற்றடியில் வுழூ எடுக்கும் நேரம் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கி, ஒவ்வொரு கல்லாகப் புரட்டுகிறேன்.