கூரையைக் கழற்றப் பயந்த அதிபர்

கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் என் மேசையில் மெல்லிய மரத்தூள் படிந்திருக்கும். தொட்டால் மா மாதிரி ஒட்டும்... மேலே கறையான் கூரை மரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

என் முதல் நியமனம் அது. கண்டக்குழியைத் தாண்டி, கடலோரத்தில் ஒரு சின்ன அரசாங்கப் பள்ளிக்கூடம். எனக்கு மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள். கடலிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசத் தொடங்கிவிட்டால் வாய்தான் பாடம் சொல்லும், காது முழுக்கக் கூரையில் இருக்கும்.

பள்ளிக்கூட அதிபர் ரசீன் சேரிடம் ஒருநாள் கேட்டேன், அரசாங்கத்திலிருந்து கிடைக்கிற காசில் பாதிக் கூரையையாவது மாற்றினால் என்ன என்று.

"வருசா வருசம் கொஞ்சமெண்டாலும் கூட்டித் தருவாங்கண்டு தெரிஞ்சா, இந்த வருசம் ஒரு பக்கம், வார வருசம் மத்தப் பக்கமெண்டு செஞ்சிரலாம் டீச்சர். ஒரு வருசம் தாராங்க, மறு வருசம் ஒண்டுமில்ல. கழட்டிப் போட்டுட்டு புள்ளயள எங்க வெக்கிற?"

அதனால் கூரை மரங்களுக்கு முட்டுக்கட்டைகள் கொடுத்து வைத்திருந்தார். தினமும் காலையில் அவற்றைக் கையால் அசைத்துப் பார்ப்பார்.

ஒரு கச்சான் நாளில், இடைவேளை முடிந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்த நேரம், மேலே மரம் முறியும் சத்தம் கேட்டது. "எல்லாரும் வெளிய ஓடுங்க" என்றேன். ஓடினார்கள். முற்றத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்...

மிஸ்பா இல்லை.

அப்போதுதான் கூரையின் ஒரு பக்கம் உள்ளே விழுந்தது. வாசல் தெரியாத அளவுக்குத் தூசி. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ரசீன் சேர் என்னைத் தாண்டி உள்ளே ஓடினார்.

தூக்கிக்கொண்டு வந்தார். என் மேசைக்கடியில் சுருண்டு கிடந்திருக்கிறாள். நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். அவள் அழவே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவளுடைய வாப்பா கடற்கரையிலிருந்து இடுப்பில் ஈரச் சாரத்தோடு ஓடி வந்தார். ஏசவில்லை.

"டீச்சர், நாளைக்குப் புள்ளய அனுப்பலாமா?"

ரசீன் சேர்தான் மெதுவாகச் சொன்னார்: "மரத்தடியில வெச்சிப் படிப்பிக்கிறோம்."

மிஸ்பா வரவில்லை. முந்தலில் இருந்த பெரியும்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புதுக் கூரை வருவதற்குள் ரசீன் சேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

இப்போது நானும் வேறொரு பள்ளிக்கூடத்தில் அதிபர். இனி வருடா வருடம் காசைக் கூட்டித் தருவோம், எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்வோம் என்று ஒரு கூட்டத்தில் கல்வி அதிகாரிகள் சொன்னார்கள். போன வருடம் சொன்னபடி வந்தது. இந்த வருடமும் கொஞ்சம் கூடவே வந்தது. பழைய கட்டடத்தின் ஓடுகளை முழுக்க இறக்கிவிட்டேன். பாதி இந்த வருடம் முடியும், மீதி அடுத்த வருடம்.

நேற்று உதவி அதிபர் கேட்டார், "மிஸ், வார வருசம் வராட்டி?"

"வரும், இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

பிள்ளைகள் அடுத்த கட்டடத்தில் வாங்குப் பலகைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ரசீன் சேர் தம் காலம் முழுக்க இப்படி ஒரு வாக்குக்காகக் காத்திருந்தார்... எனக்கு அது கிடைத்திருக்கிறது. ஆனாலும் அந்த வெறும் சுவர்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நடையை வேகமாக்கிவிடுகிறேன்.