நண்டுக்கு ஓடு கழற்றிய கீரைச்சாறு

உங்கள் பத்திரிகைக்கு எழுதிக்கொள்ளுங்கள்: ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வள்ளம் வாங்கினேன், மீனுக்கு ஐஸ் வாடிக் கொட்டில் போட்டேன், மூன்று பெண்மக்களுக்கும் கல்வீடு கட்டினேன். எண்பதுகளில், சாய்ந்தமருதுக்குப் பின்னால் கடல்நீர் ஏறும் களப்போரம் நண்டுக் குளமும் வெட்டினேன். எவனும் கை கொடுக்கவில்லை.

காணி மட்டும் மனைவியின் சீதனம். ஆகவே அவளுடைய காக்காவுக்கு, அதாவது அண்ணனாகிய என் மச்சானுக்கு, கேட்க வாய் இருந்தது.

கொழும்பு வியாபாரி கேட்டது, ஓடு கழன்று புது ஓடு இறுகாத நண்டு. என்னுடையவை பாதி கழன்ற ஓட்டுக்குள்ளேயே சிக்கிச் செத்தன. விடிந்தால் வலையால் பிணம் அள்ளுவதுதான் வேலை.

மச்சான் வரம்பில் நின்று கத்தினார்: "ஊருல பாதிச் சனம் நண்டு திங்கிறல்ல. அதுக்குப்போய் என்ட தங்கச்சிட காணிய நாசமாக்கிட்டீங்களே மச்சான்! வெள்ளிக்கிழமை மூடுறன். தென்னை வைக்கிறன்."

"ஓம், வைங்க. என்னையும் சேத்துப் புதைச்சிட்டு வைங்க."

மனைவி கீரை ஆய்ந்து தண்டு எறிகிற குளத்து மூலையில் மட்டும் முழு ஓடுகள் வெறுமையாகக் கிடந்ததை அப்போதுதான் கண்டேன். மனைவி கீரையை இடித்துப் பிழிந்த சாற்றைக் குளத்தில் ஊற்றினேன். தண்ணீர் அழுகி இன்னும் செத்தன. பைத்தியம் பிடிக்காத குறை. பிறகு சாற்றில் மீன் துண்டுகளை ஊறவைத்துத் தீனியாகப் போட்டேன். ஒன்றும் கழலவில்லை.

வெள்ளி காலை மச்சான் மண்வெட்டிகளோடு வந்துவிட்டார். காலில் விழாத குறையாக, "ஜும்ஆ தொழுகை முடியட்டும் மச்சான்" என்றேன். எல்லோரும் பள்ளிக்குப் போனோம். குளத்தைப் பார்க்க ஆளில்லை. அதுதான் பிழை.

திரும்பி வந்தால் கரையெல்லாம் வெற்றோடு! கழன்றவை துணியைப்போல மெத்தென்று கிடக்க, கழலாதவை அவற்றைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. மூன்று மாதப் பாடு கண்முன்னே போகிறது. பெருநாள் சாரனோடு குளத்துக்குள் பாய்ந்தேன். பின்னாலேயே தொப்பியோடு மச்சானும் விழுந்தார்.

"கடிக்குது மச்சான்!"

"கடிக்கட்டும், ஓடு கழண்டத விட்டுடாதீங்க!"

மிஞ்சியதை மனைவி ஓலைப்பெட்டிகளில் வாங்கி ஐஸுக்கு அனுப்பினாள். பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் குளம் மூடப்படவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு நண்டுக்கும் தனிக்கூடு கட்டினேன்.

இப்போது மச்சான் பள்ளிவாசல் வாசலில், கீரை வைத்தியம் தன்னுடையதென்று கதைக்கிறார். காணி அவருடைய தங்கச்சியினது, ஒப்புக்கொள்கிறேன். சாறு பிழிந்தது அவள் கை, அதையும் எழுதுங்கள். அவர் கடி வாங்கியதும் உண்மை. ஆனால் அந்த மூலையைக் கண்டது என் கண். அதை என் பேரிலேயே போடுங்கள். நான் மௌத்தாகிக் கண் மூடும் முன் போடுங்கள்.