காப்பு கட்டிய வாரமும் இரண்டு மாடுகளும்

ஆடியில் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால், கூழ் ஊற்றி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்ட மாட்டோம். வீட்டு மாட்டையும் எல்லை தாண்டி ஓட்டிப்போக மாட்டோம். அந்த வாரம் பார்த்துத்தான் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் மாட்டம்மைக்குத் தடுப்பூசி முகாம் போட்டார்கள். நான் போகவில்லை. பக்கத்து வீட்டிலிருக்கும் தம்பி மனைவி, தானும் போகவில்லை என்றாள்.

கொஞ்ச நாளில் என் ஜெர்சி மாட்டுக்கு உடம்பெல்லாம் கழலை கிளம்பியது. ஏழு மாதச் சினை. தீனி எடுக்காமல், கால் வீங்கி நின்றது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். தறியில் உட்கார்ந்தாலும் மாடு பிழைக்குமா, கன்று தங்குமா என்பதே நினைப்பு.

இரண்டு கொட்டகைக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர்தான். நோயைப் பரப்பும் ஈக்களும் ஒன்றுதான். ஆனால் அவளுடைய நாட்டு மாடு நிம்மதியாக வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. காப்பு வாரத்தில் ஒரு காலை அந்த மாடு கொட்டகையில் இல்லாதது எனக்கு நினைவு வந்தது. திருட்டுத்தனமாக ஊசி போட்டு வந்திருக்கிறாள், குடும்பத்தில் ஒருத்தி செய்த அந்தக் குற்றத்துக்குத்தான் அம்மன் என் மாட்டின்மேல் இறங்கிவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

“அன்னிக்கு மாட்ட எங்க ஓட்டிகினு போன?”

“நம்மூர் ஏரிக்கரைக்குத்தான் மாமா. நம்பலன்னா ஏரியைக் கேளுங்க.”

“கோயிலுக்கு வந்து சொல்லு.”

வந்தாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள். அப்போதும் நான் நம்பவில்லை. பொய்ச் சத்தியம் செய்கிறாளே, மன்னித்துவிடு தாயே என்று அவளுக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் கால்நடை டாக்டர் வந்து என் மாட்டுக்கு மருந்து கொடுத்தார். சந்தேகத்தை அவரிடமும் சொன்னேன். அவர் சுவரைச் சுற்றிப் போய், அவள் மாட்டின் கழுத்து மயிரை விலக்கிக் காட்டினார். காய்ந்துபோன கழலைகள் இரண்டு மூன்று இருந்தன.

“முகாம்ல ஊசி போட்டதே நான்தாங்க. இந்த மாடு வரல. இதுக்கும் நோவு வந்திருக்குது, தாங்கிகிச்சு. நாட்டு மாட்டு ரத்தத்துல பரம்பரையா கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும். அதுக்காக ஊசி வேணாம்னு இல்ல.”

என் மாடு பிழைத்தது. கன்று தங்கவில்லை.

மாடு மறுபடி பருவத்துக்கு வந்தபோது, நாட்டுக் காளையின் சினை ஊசி போடச் சொன்னேன். பிறக்கிற கன்று வளர்ந்து கறக்கும் பால் குறையும், அதற்கு அந்த எதிர்ப்பு வரும் என்று உறுதி சொல்லவும் முடியாது என்றார் டாக்டர். பரவாயில்லை என்றேன்.

தம்பி மனைவி குட்டைச் சுவரில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது நாட்டுக் காளைதான்னு யாரு மாமா கற்பூரம் அணைக்கிறது?”

டாக்டர் சிரித்துவிட்டார். நான் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மாட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.