முதல் ஆள் இறங்கும் வரை

காலை 7.10. திருநின்றவூர் ஸ்டேஷனில் இருபது ரூபாய் கொடுத்துக் கும்மிடிப்பூண்டிக்கு டிக்கெட் எடுத்தேன். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் பேசின்பிரிட்ஜ் வரை சென்னைக்குள் போய், வண்டி மாறி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிதாக வந்த ஹவுஸ் பாட்டுகளில் பத்தைப் பொறுக்கி, நாலு வரி எழுதி, தெரிந்த டிஜேக்களுக்கு அனுப்புவது என் பழக்கம். ஹவுஸ் என்பது ஆடுவதற்கென்றே செய்த இசை. ஒரே சீராக டிரம் விழும், மற்றதெல்லாம் அதன் மேல் ஒவ்வொன்றாக வந்து சேரும். வாரம் நூறு பாட்டு வந்தால் முழுதாகக் கேட்க யாருக்கு நேரம்? ஆரம்பத்தில் பத்து விநாடி, நடுவில் தள்ளி இருபது விநாடி, உடனே தீர்ப்பு. நான் ஆடி யாரும் பார்த்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்டில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சாலமன் என்பவர் ஒரு பாட்டின் லிங்க் அனுப்பினார். முதல் இரண்டு நிமிடம் வெறும் டிரம் போலிருந்தது. போலிருந்தது என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் பாட்டை நடுவுக்குத் தள்ளிவிட்டேன். "ஆரம்பம் ரொம்ப நீளம், வெட்டுங்கள்" என்று எழுதினேன். மறுநாளே வெட்டி, அதே லிங்க்கில் ஏற்றிவிட்டார். நானும் பெருந்தன்மையாகப் பட்டியலில் சேர்த்தேன்.

போன மாதம் ஒரு பகல் நேரப் பார்ட்டியில் டிஜே நண்பர் ஒருவர் அதைப் போட்டார். பாட்டு எடுத்த எடுப்பிலேயே பாய்ந்ததில், ஆடிக்கொண்டிருந்தவர்கள் படி தடுக்கியவர்கள் மாதிரி நின்றுவிட்டார்கள். "இதுக்கு முன்னாடி ஏதோ இருந்திருக்கணுமே?" என்று நண்பர் என்னைக் கேட்டார். இருந்தது. அந்தப் பழைய வடிவத்தை வாங்கி வந்து பட்டியலில் போட வேண்டும், செய்த தப்பைச் சரிசெய்ய வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

8.35. பேசின்பிரிட்ஜில் வண்டி மாறினேன். எண்ணூர் பக்கம் புகைபோக்கிகள், மீஞ்சூர் தாண்டியதும் நெல் வயல், கவரைப்பேட்டைக்குப் பிறகு மறுபடி தகரக் கொட்டகைகள்.

9.50. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். தொழிற்பேட்டைக்கு இருபது ரூபாய். பத்து நிமிடமாகியும் வண்டி நகரவில்லை.

"கிளம்பலாமே" என்றேன்.

"ஆளு சேரட்டும் நைனா. இன்னா அவசரம்? இன்னும் ரெண்டு பேரு ஏறிட்டா பூடலாம்" என்றார் டிரைவர். எனக்கு எரிச்சலாக இருந்தது.

10.20. சாலமன் தெருமுனைக்கே வந்து காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இரும்புக் கம்பி செய்யும் மில்லில் வேலை, அன்று லீவு. ஓர் அறையும் சமையலறையுமாக வரிசை வீடுகளில் ஒன்று. டிவி ஸ்டாண்டில் மூடி விரிசல் விட்ட ஒரு லேப்டாப். பாட்டு பிறந்த இடம் அதுதான்.

"இவ்ளோ தூரம் வந்திருக்கீங்களே சார்! நாஷ்டா ஆச்சா?" என்றார். அவர் மனைவி சுகந்தி இட்லி வைத்தார். "உங்க லிஸ்ட்ல பேரு வந்ததை மில்லு பூரா காட்டினாரு சார். நீங்க இல்லன்னா இதெல்லாம் வெளிய வந்திருக்குமா?" என்றார்.

அந்தப் பழைய வடிவம் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது இல்லியே சார்" என்றார் சாலமன். "லேப்டாப்புல எடமே இல்ல. நீங்க வெட்டச் சொன்னீங்களா, அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"ஆயுத பூஜைக்குன்னு பண்ணது சார் அது" என்றார் சுகந்தி.

சாலமன் சங்கடத்தோடு விளக்கினார். ஆயுத பூஜையன்று மில்லில் மெஷின்களை நிறுத்தித் தரையைக் கழுவிவிடுவார்கள். பூஜை முடிந்ததும் சவுண்டு பாக்ஸ் வரும், சாப்பாட்டு நேரம் வரை அங்கேதான் ஆட்டம்.

"எங்க ஆளுங்க கூச்சப்படுவாங்க சார். பாட்டு போட்டவுடனே ஆட எறங்க மாட்டாங்க. செவுத்துல சாஞ்சிக்கினு நிப்பாங்க. ஒருத்தன ஒருத்தன் தள்ளிவுடுவான். மொத ஆளு எறங்க ரெண்டு நிமிசம் ஆவும். மூணு வருசமா பாத்து வச்சிருந்தேன். அதுக்குத்தான் அந்த டிரம்மு."

"இந்த வருஷம் எதைப் போட்டீங்க?"

"வெட்டினதத்தான். ஆளு எறங்கறதுக்குள்ள பாட்டு பாதி பூட்ச்சு. பேஜாரா ஆயி, சினிமா பாட்டுக்கு மாத்திட்டாங்க." சிரித்தார். "அவங்களுக்கு இன்னா சார் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும்."

யாராவது என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "தப்பு என்மேலதான் சாலமன். நான் அதை முழுசாக் கேக்கவே இல்லை" என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, "பரவால்ல சார், உங்களுக்கு எவ்ளோ வேலை இருக்கும்" என்று எனக்காக அவரே சாக்குச் சொன்னார்.

பகல் 1.15. கருவாட்டுக் குழம்புச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள். சாலமன் தன் பைக்கில் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டார். "திரும்பப் போட்டுத் தரேன் சார்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

என் திருநின்றவூர் ஃபிளாட்டில் நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது. இடத்தை அடைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் பாட்டு இருக்கிறது. ஆனால் சுவரில் சாய்ந்து கூச்சப்படுகிற ஓர் ஆளைக்கூட அங்கிருந்து நான் பார்த்ததில்லை. பார்த்தவருக்கு நான் போய்ப் பாடம் சொன்னேன்.

பொன்னேரி தாண்டியதும் சாலமனிடமிருந்து செய்தி வந்தது. "சார், ஆரம்பம் எத்தினி நிமிசம் வைக்கட்டும்?"

நாலைந்து முறை எழுதி அழித்தேன். அத்திப்பட்டு வந்தபோதுதான் அனுப்பினேன்: "உங்களுக்கு எவ்வளவு சரின்னு படுதோ, அவ்வளவு."

வண்டி கிளம்புமுன்பே பதில் வந்துவிட்டது.

"அது எவ்ளோ சார்?"