மின்தகடுகளில் படிந்த உப்பும் சறோஜினிதேவியின் பெயரும்

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் ஒன்பதாம் திகதி, எமது ஊர்க் குடிநீர்ச் சங்கத்தின் அறிவித்தல் பலகையில், “துப்புரவுப் பணியாளரின் கவனயீனத்தால் சூரிய மின்தகடுகள் பழுதடைந்தன, அவர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்” என்று எழுதி ஒட்டப்பட்டது. அந்தப் பணியாளர் என் மனைவி சறோஜினிதேவி. அந்த வாசகம் உண்மையின் பாதியை மறைக்கிறது என்பதே நிர்வாக சபையின் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு. பதில் சொல்ல அவள் இப்போது உயிரோடு இல்லை. ஆகவே அவள் யாரென்பதை நான் எழுதவேண்டியிருக்கிறது.

அவள் சரவணையில் பிறந்து நாரந்தனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இடம்பெயர்ந்த காலத்தில் வன்னியிலும், திரும்பி வந்தபின் இங்கும், பிறருடைய தோட்டங்களில் கூலிக்குக் களை பிடுங்கினாள். சங்கம் உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரத்தை நிறுவியபோது, அதற்கு மின்சாரம் தரும் தகடுகளைக் கழுவும் வேலை ஐம்பத்திரண்டாம் வயதில் அவளுக்குக் கிடைத்தது. நியமனக் கடிதத்தை என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். அதுவரை “தோட்டத்துக்குப் போறன்” என்று சொல்லிப் புறப்பட்டவள், அன்றுமுதல் “வேலைக்குப் போறன்” என்றாள்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடலுப்பும் புழுதியும் சேர்ந்து தகடுகளில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். வெயில் உள்ளே இறங்காது. மின் குறைந்து இயந்திரம் இடையிடையே நின்றுவிடும். அவள் வெயில் ஏறுமுன் போய், நன்னீரை ஊற்றி, மெல்லிய துணியால் துடைப்பாள். துடைத்த அன்று மின்பெட்டியில் எண் எவ்வளவு ஏறியது என்பதை, பிள்ளை பரீட்சையில் எடுத்த புள்ளியைச் சொல்வதுபோல் வந்து சொல்வாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்த ஆண்டு வறட்சி கடுமையாக இருந்தது. நல்ல தண்ணீரில் கால் கழுவினாலே ஏச்சு விழும் ஊர் இது. குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு, அவள் நன்னீரைத் தகடுகளுக்குத் தூக்கிச் செல்வது பொறுக்கவில்லை. அயல்வீட்டுக் கஜனி, “என்ன அக்கா, கண்ணாடிக்கும் விடாய்க்குதோ?” என்று கேட்க, வரிசை முழுவதும் சிரித்தது. மறுநாள் சங்கச் செயலாளர் ரஜீபன் அவளைக் கூப்பிட்டு, முற்றத்துக் கிணற்று நீரால் கழுவச் சொன்னார்.

“அது உவர், தம்பி. காய்ஞ்சால் வெள்ளை படியும்.”

“சனம் குடிக்கத் தண்ணியில்லாமல் நிக்குது, அன்ரி. கழுவத்தானே, அதுக்கு உவர் காணும்.”

அவளும் ஒத்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்களின் முகங்கள் அவளுக்குத் தெரிந்த முகங்கள்.

கழுவக் கழுவ வெள்ளைப் படலம் தடித்தது. மின் குறைந்தது, நன்னீர் இன்னும் குறைந்தது, வரிசை வீதிவரை நீண்டது. பதறிப்போனவள் சட்டி துலக்கும் தேங்காய்த் தும்பை எடுத்து அழுத்தித் தேய்த்தாள். கண்ணாடிகள் கீறுப்பட்டுப் போயின. இதை நான் மறைக்கவில்லை. கீறியது அவளுடைய கை. ஆனால் உவர்நீரை ஊற்றச் சொன்னது சங்கம். அறிவித்தலில் கீறல் இருக்கிறது, உவர்நீர் இல்லை. நியமனக் கடிதமும் சம்பளத் துண்டுகளும் நீக்கல் கடிதமும் என்னிடம் பத்திரமாக உள்ளன. வாய்ச்சொல்லாக வந்த அந்த உத்தரவுக்கு மட்டும் தாள் இல்லை. செயலாளர் தமக்கு நினைவில்லை என்கிறார்.

வேலை போனபின் அவள் அந்தத் தண்ணீர் வரிசைக்குப் போகவேயில்லை. குடத்தை நான்தான் கொண்டுபோனேன். மார்கழியில் பக்கவாதம் வந்தது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில், குழறிய வாயால் கேட்டாள்:

“இஞ்சாருங்கோ, மழை பெய்யுதெல்லோ? அந்த வெள்ளை கழுவுப்பட்டிருக்குமோ?”

“ஓம், போயிருக்கும்” என்றேன். போகவில்லை, முதல்நாள்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நாளில் போய்விட்டாள்.

இப்போது புதிய தகடுகள் பூட்டப்பட்டுள்ளன. புதிய பணியாளருக்கு நன்னீர் கொடுக்கப்படுகிறது. உவர்நீர் செய்த கேட்டைச் சபை அறிந்திருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. உவர்நீரால் கழுவும்படி பணித்தவர் யார்? “கவனயீனம்” என்ற சொல் அவளுடைய பெயரிலிருந்து எப்போது நீக்கப்படும்? இவ்விரண்டுக்கும் நிர்வாக சபை கையொப்பமிட்டு எழுத்தில் பதில் தரவேண்டும்.

சி. விநாயகமூர்த்தி
நாரந்தனை