கொக்கியோரத்துப் பொக்கு

என் வீட்டுக்காரர் செபஸ்தியான் பூச்சு மேஸ்திரி. சேலம், நாமக்கல் பக்கம் பழைய வீடுகளில் சுவரோ கூரையோ உதிர்ந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் அவருக்குச் சித்தாள். சட்டி சுமந்து சுமந்து என் கழுத்து போனது. டைல்ஸ் வெட்டுகிற மெஷின் சத்தத்தில் அவர் காது போனது. கழுத்து வலியை ஊருக்கே சொல்லலாம். காது போனதைச் சொல்ல முடியுமா? இந்த வேலைக்குக் காதுதான் மூலதனம். கரண்டிக் காம்பால் தட்டினால் நல்ல பூச்சு கெட்டியாகக் கேட்கும். உள்ளே பிடிப்பு விட்டிருந்தால் ‘பொக்’ என்று கேட்கும். அதைப் பொக்கு என்போம். பொக்கைக் கொத்தி எடுக்காமல் மேலே வெள்ளையடித்தால் என்றைக்காவது யார் தலையிலாவது விழும்.

அதனால் அவர் சாரத்தில் நின்று தட்டுவார், கீழே நின்று நான் கேட்பேன். கெட்டி என்றால் வியர்வை துடைக்கிற மாதிரி கையை நெற்றிக்குக் கொண்டுபோவேன். பொக்கு என்றால் கையைத் தொங்கவிட்டு நிற்பேன். மற்றவர்கள் என்ன பேசினாலும் அவரிடம் ஒரே பதில்தான்: ஆமாங்க. திட்டினாலும் ஆமாங்க. செவிடன் காதில் சங்கு ஊதுகிற கஷ்டத்தை என்னிடம் கேளுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டே நான் ஓய்ந்துபோனேன்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற சின்னுசாமியின் வீட்டில் வேலை வந்தது. அவர் மகள் சத்யபிரியாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வருவதற்குள் அவளுடைய அறையின் கூரையைச் சரிசெய்ய வேண்டும். கூரை நடுவில் தொட்டில் கட்டுகிற இரும்புக் கொக்கி.

என் வீட்டுக்காரர் கொக்கியோரம் தட்டிய நேரம் பார்த்து ரோட்டில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. தட்டிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அலறல் அவருக்குக் கேட்கவா போகிறது? ஆம்புலன்ஸ் போனால் உள்ளே கிடக்கிற உயிருக்காகச் சிலுவை போடுவது என் பிறந்த வீட்டுப் பழக்கம். கை தானாக நெற்றிக்குப் போனது. அவர் மேலிருந்து பார்த்தார், தலையாட்டினார், அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். இருந்த அசதியில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வெள்ளையடித்து எல்லாம் காய்ந்த பிறகு, சாமான்களை எடுக்கப் போனோம். அன்றைக்குத்தான் குழந்தையும் வந்திருந்தது. சின்னுசாமி மூங்கில் கம்பின் நுனியில் தொட்டில் கயிற்றைத் தொங்கவிட்டுக் கொக்கியில் மாட்டப் பார்த்தார். கம்பு கூரையில் இடித்தது.

பொக்.

சிலுவை போட்ட கை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அய்யா, அங்க தொட்டில் கட்டாதீங்க. கொக்கியச் சுத்தி பூச்சுக்குப் பிடிப்பு இல்லைங்க.”

“ஏன் அம்மிணி, மேஸ்திரியே தட்டிப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லிப்போட்டாரு. நல்ல நேரம் போவுது. புள்ள வந்திருக்கற ஊட்டுல இப்படிப் பேசலாமா?”

“சீக்கிரம் கட்டுங்கப்பா, கை கடுக்குது” என்றாள் சத்யபிரியா. அவள் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சித்தாள் பேச்சு எடுபடாது என்று தெரிந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால் இனி இந்தப் பக்கம் ஒருவரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பிஞ்சுத் தலைக்கு மேலேதான் அந்தப் பொக்கு தொங்கும். என் மனுசன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

“அவருக்குக் காது கேக்காதுங்க. சுத்தமாக் கேக்காது. நான்தான் கீழ நின்னு கேட்டுக் கை காட்டுறது. அன்னைக்குத் தப்பாக் காட்டிட்டேன்.”

சின்னுசாமி கம்பைக் கீழே வைத்தார். நடந்துபோய் அவருக்கு எதிரே நின்றார்.

“நெசந்தானுங்களா மேஸ்திரி? உங்களுக்குக் காது கேக்காதுங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்து, எப்போதும் போலச் சிரித்தார்.

“ஆமாங்க” என்றார்.